பழைய ஜீப்பைப் பேணுதல்

அரசாங்க அலுவலகத்தின் பின்புறத்திலோ, தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையிலோ, பஞ்சாபில் ஒரு பண்ணை வீட்டின் வேப்பமர நிழலிலோ, சக்கரங்களில் காற்று இறங்கி, இருக்கையில் கோழி குடியேறி நிற்கும் பழைய ஜீப்பு வண்டியைக் காணாதவர் நம்மில் அரியர். பழைய இரும்பு வாங்குவோருக்கு அது நிறுத்து விலை பேசும் சரக்கு. பட்டறைக்காரருக்கு அது ஒரு பதிவெண்ணும் ஒரு சேஸிஸும். வரலாற்றை விரும்புவோருக்கோ அது ஓர் ஆவணம். தாளில் எழுதப்படாமல் தகட்டில் எழுதப்பட்ட ஆவணம்.

இத்தகைய வண்டியை வாங்கி வந்து, வீட்டு முற்றத்திலேயே துலக்கி வைத்துக்கொள்ளும் ஆர்வலர் இன்று பம்பாய், தில்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் பலர் உளர். அவர்களுள் தமிழரும் உண்டு. ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்த ஆர்வத்திற்கு ஓர் ஆபத்தும் உடன்பிறப்பாக வருகிறது. கோயில் திருப்பணி என்னும் பெயரால் மணலைப் பீய்ச்சியடித்துக் கற்சுவர்களைத் துலக்கியபோது, நூற்றாண்டுகள் கடந்து நின்ற கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கிப்போன கதையை நாம் அறிவோம். செய்தவர் பகைவர் அல்லர்; பக்தர்களே. ஜீப்பு விஷயத்திலும் அதுவே நிகழ்கிறது. அழுக்கை நீக்குவது வேறு. அடையாளத்தை நீக்குவது வேறு. அவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், இந்த வண்டி எங்குப் பிறந்து எவ்வாறு நம் நாட்டை வந்தடைந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1940ஆம் ஆண்டின் கோடைக்காலம். ஐரோப்பாவில் பிரான்சு வீழ்ந்துவிட்டது. போரில் இன்னும் இறங்காத அமெரிக்கா, தன் படைக்கு ஒரு சிறு வண்டி தேவை என்று உணர்ந்து 135 கம்பெனிகளுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் உந்துவிசை பெற வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். முதல் மாதிரி வண்டி 49 நாட்களில் வந்து சேர வேண்டும். இந்நிபந்தனைகளைக் கண்டு பெருங் கம்பெனிகள் பின்வாங்கின. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில், கடன்பட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த பாண்டம் என்னும் சிறிய கம்பெனி துணிந்து முன்வந்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியலார் வரைபடங்களைச் சில நாட்களிலேயே வரைந்து முடித்தார். 1940 செப்டம்பர் 23ஆம் நாள் மாதிரி வண்டி இராணுவச் சோதனைத் தளத்தை அடைந்தது.

பெற்ற பயன் மட்டும் வேறொருவருக்குப் போயிற்று. பாண்டம் கம்பெனியால் பெருந்தொகையாக உற்பத்தி செய்ய இயலாது என்று கருதிய இராணுவம், அதன் வரைபடங்களை வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் காட்டியது. வில்லிஸின் 60 குதிரைத் திறன் கொண்ட எஞ்சினே மூன்றிலும் வலிமை வாய்ந்ததாக இருந்தமையால், 1941இல் பெரிய ஒப்பந்தம் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரிலிருந்த வில்லிஸுக்குக் கிடைத்தது. பிறகு ஃபோர்டும் அதே அமைப்பில் வண்டிகளைச் செய்து தந்தது. போர் முடிவதற்குள் இவ்விரு கம்பெனிகளும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. முதலில் வழி காட்டிய பாண்டம் செய்தவை மூவாயிரத்திற்கும் குறைவு.

அவ்வண்டிகளுள் கணிசமானவை நம் நாட்டின் கிழக்கெல்லை வழியே போருக்குச் சென்றன. 1944இல் கோஹிமாவிலும் இம்பாலிலும் நடந்த போரின்போது, லாரி ஏற முடியாத மலைச் சரிவுகளில் உணவும் குண்டும் கொண்டு சென்றதும், காயமுற்றோரைத் தூக்கு படுக்கையில் இறக்கி வந்ததும் ஜீப்புகளே. வடக்குப் பர்மாவில் எஞ்சின்கள் அழிந்துபோன இருப்புப் பாதையில், ஜீப்புக்கு இரயில் சக்கரம் பூட்டிச் சரக்குப் பெட்டிகளை இழுக்கச் செய்தனர் என்பதும் வியப்புக்குரிய செய்தி. அப்போர்முனையில் பாலமும் பாதையும் சமைத்த மதராஸ் சாப்பர் படையில் தமிழ் வீரர் பலர் இருந்தனர். ஜீப்பைப் பற்றிய பேச்சைத் தாத்தாவின் வாயிலாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன.

போர் ஓய்ந்ததும் மிகுதியாகிப்போன இராணுவ வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. தோட்டத் துரைமார்களும், வேட்டைப் பிரியர்களும், ஒப்பந்தக்காரர்களும் அவற்றை வாங்கினர். அதே காலத்தில் 1945இல் மகீந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மது அவர்களும் கூட்டாக ஓர் இரும்பு வணிகக் கம்பெனி தொடங்கியிருந்தனர். நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார்; 1951இல் கவர்னர் ஜெனரல் பதவியும் ஏற்றார். மகீந்திரா அண்டு முகம்மது என்றிருந்த கம்பெனி 1948இல் மகீந்திரா அண்டு மகீந்திரா ஆயிற்று. பெயர்ப்பலகையில் ஒரு சொல்லை மாற்றினால் போதுமானதாக இருந்தது. நாட்டின் நிலையோ அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அக்கம்பெனிதான் 1947இல் வில்லிஸிடமிருந்து 75 வண்டிகளை உதிரிப் பாகங்களாகத் தருவித்தது. பின்னர்ப் பம்பாய் மஜகாவ் பகுதியில் இடம் பிடித்து அங்கே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அத்துறைமுகப் பகுதியில் நாள்தோறும் நடமாடும் பம்பாய்த் தமிழருள் எத்தனை பேர், இந்திய ஜீப்பின் தொட்டில் அங்குதான் ஆடிற்று என்பதை நினைத்திருப்பர்!

இடையில் ஒரு கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. 1948இல் காசுமீரப் போரின் அவசரத்தில், பழுது நீக்கிய 2,000 ஜீப்புகளுக்கு இலண்டனில் ஆர்டர் தரப்பட்டது. வந்து சேர்ந்தவை 155. அவையும் படைக்குப் பயன்படாதவை என்று தள்ளப்பட்டன. நாடாளுமன்றத்தில் பெரும் புயல் எழுந்தது. 1955இல் அரசாங்கம் அவ்விவகாரத்தை முடிந்ததாக அறிவித்தது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். மேலே புது வர்ணம், உள்ளே பழைய பழுது என்பது ஜீப்பு வாணிகத்தில் அன்றே புகுந்துவிட்ட நோய் என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்வோம்.

ஆகவே, இந்தியாவில் ஒரு பழைய ஜீப்பு கண்ணிற்பட்டால் அது போரில் வந்த வில்லிஸாக இருக்கலாம், ஃபோர்டாக இருக்கலாம். போருக்குப்பின் குடிமக்களுக்கெனச் செய்த வண்டியாக இருக்கலாம். 1953இல் வில்லிஸ் வெளியிட்ட உயர்ந்த பானெட் உடைய வகையும் இங்கு மிகுதி. உள்வாங்கும் வால்வுகளை எஞ்சினின் தலைப்பகுதியில் வைத்தமையால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அவ்வடிவம் நம் நாட்டில் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் வழக்கில் இருந்தது. இவையன்றி, ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை நம் படைக்கெனச் செய்த ஜோங்கா என்னும் வண்டியும் உண்டு. அது ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் வண்டியைத் தழுவியது. ஜபல்பூர்த் தளவாடத் தொழிற்சாலைகளைச் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் எஞ்சின் ஒலி தாலாட்டுப் போலப் பழகியது.

எது எது என்று கண்டுகொள்ளும் குறிகள் மிகச் சிறியன. அழுக்கின் அடியில் கிடப்பவை. போர்க்கால ஜீப்பின் முகப்பில் ஒன்பது நெடுந்துளைகள். பிற்காலத்துக் குடிமக்கள் வண்டிகளில் ஏழு. முன் சேஸிஸைக் குறுக்கே பிணைக்கும் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த பள்ளம்போல் மடித்த தகடு. வில்லிஸின் சேஸிஸ் எண் இடப்புறச் சட்டத்தின் உட்பக்கம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டில் அவ்வெண் சட்டத்தின் மேலேயே குத்தப்பட்டிருக்கும். ஃபோர்டு கம்பெனியார் தம் ஆக்கம் என்று காட்ட, போல்ட்டின் தலைகளில்கூட எஃப் என்னும் எழுத்தைப் பொறித்தனர். நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைக் கழற்றி எறிந்து கடையில் வாங்கிய புதியவற்றைப் பூட்டுவோர், எறிவது இன்னதென்று அறிவதில்லை. அந்த ஓர் எழுத்துத்தான் அவ்வண்டியின் பிறப்புச் சான்று.

வர்ணமும் அப்படித்தான். எழுபது எண்பது ஆண்டுகள் ஓடிய வண்டியின்மீது ஐந்தாறு பூச்சுகள் படிந்திருக்கும். மேலே ஏதோ ஒரு சிவப்பு, அதன்கீழ் வனத்துறைப் பச்சை, அதன்கீழ் தோட்டக்காரர் பூசிய வெள்ளை, எல்லாவற்றுக்கும் அடியில் போரின் மங்கிய ஒலிவப் பச்சை. பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தை மட்டும் தேர்ந்து, மிக மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால், மரத்தை அறுத்தவிடத்தில் தோன்றும் வளையங்கள்போல் இப்பூச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். அமெரிக்கப் படையின் வண்டியானால், பானெட்டின் பக்கவாட்டில் 20 என்று தொடங்கும் பதிவெண் ஒன்று வெளிப்படவும் கூடும். தேய்க்கும்போது நீர் இன்றியமையாதது. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கும், உலர்ந்த தூசி மூச்சில் சேர்வது கேடு. குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வெச்சரிக்கையை இருமடங்காகக் கொள்ள வேண்டும்.

எனவே, துலக்கும் வேலையின் முதற்கருவி புகைப்படப் பெட்டிதான்; இக்காலத்தில் அது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. வண்டி வந்த நாளில், அழுக்கோடும் கோழி எச்சத்தோடும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாமான் அறையின் மூடியில் இருக்கும் மூன்று விவரத் தகடுகள் எஞ்சியிருந்தால், அவற்றைக் கழற்றாமலும் மெருகேற்றாமலும் ஈரத்துணியால் மட்டும் துடைப்பது நலம். பித்தளைபோல் பளபளக்கச் செய்வதில் எழுத்து தேய்ந்துபோகும்.

அடுத்தது கிரீஸும் மண்ணும் இறுகிய அடிப்பகுதி. மரச்சீவுளியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் கழுவுவதே பழைய முறை; இன்றும் அதுவே சிறந்த முறை. வண்டி கழுவும் நிலையங்களின் விசை நீர், அச்சுகளின் எண்ணெய்த் தடுப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்து, பல்சக்கரங்களின் எண்ணெயைப் பால்போல் வெளுக்கச் செய்துவிடும். பிரேக்கு உருளைகளைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதுவதோ காற்றுக்குழாயால் அடிப்பதோ கூடாது. பழைய பிரேக்கிலும் கிளட்சிலும் கல்நார் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது போர்க்கால ஜீப்பைப் பொறுத்தவரை ஏறத்தாழ விதிபோல் நிச்சயம். பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கையின் கீழ் ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. மழைநீர் அங்கே தேங்கும். பின்புற மூலைகளில் உள்ள கருவிப் பெட்டிகளின் அடித்தகடு அரித்திருக்கும். எல்லாவற்றிலும் கொடியது, தரைத் தகட்டின் கீழே தொப்பிபோல் மடித்த நீண்ட சட்டங்கள். உறுதிக்காக அவற்றினுள் மரக்கட்டை வைத்தனர். போர் ஓரிரு ஆண்டுகளில் முடியும், வண்டியும் அதற்குமேல் வாழ வேண்டியதில்லை என்று எண்ணிச் செய்த அமைப்பு அது. மரம் ஈரத்தைக் குடித்துவைத்து, ஆண்டுதோறும் இரும்புக்கு ஊட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அக்கட்டையை எடுத்துவிட்டு, உலர்த்தி எண்ணெய் ஊட்டிய புதுக்கட்டை வைப்பதை நாம் குறை சொல்லமாட்டோம். அங்கே பழையதைக் காப்பது வண்டியையே இழப்பதாகும்.

மற்ற இடங்களில் துரு முழுவதையும் சுரண்டி வெண்ணிற இரும்பைக் காண வேண்டும் என்ற வேட்கை தேவையற்றது. மணல் பீய்ச்சுவோர் மெல்லிய தகட்டைச் சூடாக்கி அலைபோல் நெளியச் செய்துவிடுகின்றனர். கடையில் விற்கும் அமிலங்களும் தகட்டின் இணைப்புக்குள் புகுந்து, வெளியே வராமல் அங்கேயே தின்றுகொண்டிருக்கும். அருங்காட்சியகங்களில் இரும்புப் பொருள்களைக் காப்போர் தானிக் அமிலம் என்னும் துவர்ப்புப் பொருளைக் கரைத்துப் பூசுகின்றனர். தளர்ந்த துருவைத் தூரிகையால் தட்டிவிட்டு இதைப் பூசினால், எஞ்சிய துரு கருநிறமடைந்து உறுதிப்படுகிறது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்களே, அதே இரசாயனம்தான் இது. ஏட்டில் எழுத்தைக் காத்த துவர்ப்பு, தகட்டில் எண்ணைக் காக்கிறது. அதன்மேல் மெல்லிய மெழுகு போதும்.

நீண்ட நாள் நின்ற எஞ்சினைப் பேட்டரியால் திடீரென முறுக்குவது கொலைக்கு ஒப்பு. தீப்பொறிச் செருகிகளை எடுத்து, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, முன்புறத் துளையில் கைப்பிடியை மாட்டி மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இந்த வண்டியைச் செய்தவர்கள் கைப்பிடியை விட்டு வைத்தது நமக்காகவே என்று தோன்றும். டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிட வேண்டும். புதிய பெட்ரோலிலும் கவனம் வேண்டும். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த எரிபொருள் 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. பழங்கால ரப்பரை இளகச் செய்வது. எரிபொருள் பம்பின் திரையையும் குழாய்களையும் அதைத் தாங்கும் ரப்பரில் மாற்றிக்கொள்வது அவசியம். மாற்றம் வேண்டாம் என்று பேசும் நாமே இதைச் சொல்வது முரண்பாடன்று. தீப்பிடிக்கும் இடத்திலும் பிரேக்கிலும் பழமை பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

இனி, இந்த வண்டிகளுக்கு நம் நாட்டில் நேர்ந்த மற்றொரு கதியையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் விலை ஏறியதும், பல ஜீப்புகளின் எஞ்சின் அகற்றப்பட்டு டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டது. பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி என்னும் ஊர், இராணுவ ஏலத்துப் பாகங்களைக் கொண்டு புதுமேனி ஜீப்பு பூட்டித் தருவதில் பேர் பெற்றது. அக்கைவினைஞரின் திறம் பெரிது. ஆனால் அங்கிருந்து வரும் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்டால், எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள் என்றே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும், தில்லியின் மாயாபுரியிலும், பம்பாயின் குர்லாவிலும் அசல் பாகம் தேடி அலைவோருக்கு இத்துன்பம் தெரியும்.

இது வெறும் இரசனையைப் பற்றிய பேச்சும் அன்று. 2021இல் மத்திய அரசு பழமை வாய்ந்த மோட்டார் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸிலும் மேனியிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் பேணியிருக்க வேண்டும். அத்தகைய வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக் காலத்துக்கு. மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டுதல் இயலாது. கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே இசைவு. ஆர்வத்தால் எஞ்சினை மாற்றி, அகலச் சக்கரம் பூட்டி, மேனியை வெட்டி ஒட்டியவர் அலுவலகத்தின் முன் நிற்கும்போது, தாம் செலவழித்த பணமே தமக்கு எதிர்ச்சாட்சியாக நிற்பதைக் காண்பார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நமக்குக் கொட்டகை ஏது? பம்பாய் மழைக்காலத்தில் வண்டியின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இறுகக் கட்டினால், தரையிலிருந்து எழும் ஆவி உள்ளேயே தங்கி வியர்க்கும். பருத்தித் துணி விரிப்பும் அதன்மேல் இடைவெளி விட்ட ஒரு கூரையும் போதும். சேஸிஸின் கீழ் மரக்கட்டை கொடுத்துச் சக்கரங்களின் பாரத்தைக் குறைக்கலாம். மாதம் ஒருமுறை எஞ்சினை இயக்குவோர், எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை இயக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் உள்ளே படியும் நீராவி, நில்லாது ஓடிய நாளைவிட மிகுந்த தீங்கு செய்யும்.

வண்டியோடு ஒரு குறிப்பேடும் ஒரு தகரப் பெட்டியும் இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்தப் பாகம் கழற்றப்பட்டது, எதைக் கொண்டு துடைத்தோம், எந்த இடத்தில் புதுத் தகடு வைத்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதலாம். இனி உதவாது என்று கழற்றிய ஆறு வோல்ட் டைனமோவைக்கூடப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி, அந்தத் தகரப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.